வள்ளியூரிலிருந்து வந்த தறிகள்

ஓணம் நெருங்கினால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கசவு முண்டு வாங்கக் கூட்டம் அலைமோதும். ஆபீசுக்குப் போகும் நம்மவர்களும் அன்று கசவு வேட்டி கட்டி, முழு மலையாளியாகி விடுவார்கள். பாலராமபுரத்தில் அந்தத் துணியை நெய்யத் தொடங்கியவர்கள் தமிழர்கள் என்பது பலருக்குத் தெரியாது.

நாகர்கோவில் ரோட்டில் சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பாலராமபுரம். ரயிலில் நேமத்துக்கு அடுத்த ஸ்டேஷன். திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா மகாராஜாவின் பெயரில் அமைந்த ஊர். அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய துணி நெய்வதற்காக, திருநெல்வேலிச் சீமை வள்ளியூரிலிருந்து சாலியர்கள் இங்கே குடியேற்றப்பட்டார்கள். திவான் உம்மிணித் தம்பியே இதற்கு முன்னின்றவர் என்பார்கள். முதலில் வந்தவை ஏழு குடும்பங்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

வள்ளியூர் ஒன்றும் கடல் கடந்த ஊரல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் இருக்கிறது. இன்று பஸ்ஸில் ஒரே பகலில் போய்த் திரும்பலாம். ஆனால் வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகம் சேர்ந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது; சாலியர் தெருவும் அதோடு நின்றது.

இங்கே குழித்தறிதான். கால்களைக் குழிக்குள் இறக்கி உட்கார்ந்து, நாடாவைக் கையாலேயே இப்பக்கமும் அப்பக்கமும் எறிந்து நெய்கிறார்கள். சரிகை சூரத்திலிருந்து வருகிறது. பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு விரித்து, அரிசிக் கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் நீவிக் காய வைக்க வேண்டும். விடியற்காலையில் தொடங்கும் இந்த வேலைக்குப் பல கைகள் வேண்டும். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய பாடு போச்சு!

இவ்வளவு உழைப்புக்கும் கூலி கட்டுப்படியாகவில்லை. விசைத்தறித் துணி இதே பெயரில் குறைந்த விலைக்கு வந்து போட்டியிடுகிறது. 2009-ல் பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூலி அதனால் உயர்ந்துவிடவில்லை. சாலியர் பிள்ளைகள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சிலர் ஜவுளி வியாபாரிகளானார்கள். தறியில் இன்று பிற சாதியாரும் நிறையவே இருக்கிறார்கள்.

அடுத்த ஓணத்துக்கு முண்டு எடுக்கிறவர்கள் கரையைத் திருப்பிப் பார்க்கட்டும். நல்ல பாலராமபுரம் துணிக்கு உள், வெளி என்ற பேதமே தெரியாது. தெருவுக்கே போய் வாங்குவது இன்னும் நல்லது. தம்பானூரில் நெய்யாற்றங்கரை பஸ் ஏறினால் போதும்.