கோதுமை ஒவ்வாதவர்க்கு உள்ள உதவிகளும் உரிமைகளும்

தூத்துக்குடி மாவட்டக் குலசேகரன்பட்டினத்துக் குழந்தையொன்று ஓயாத வயிற்றுப்போக்கினாலும் இரத்தசோகையினாலும் மெலிந்து வளர்ச்சி குன்றி நிற்குமானால், கிருமியும் குடற்பூச்சியும் அல்லாத வேறொரு காரணமும் இருக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் தூண்டப்பெற்று, உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைச் சிதைக்கும் இவ்வியாதிக்குச் சீலியாக் என்று பெயர். 2016இல் வெளியான ஆய்வொன்றில், இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டோர் இந்தியாவின் வடக்கே நூற்றுக்கு 1.23, தெற்கே 0.10. ஆயுள் பரியந்தம் பத்தியமே இதற்கு ஔஷதம்.

இத்தாலியில் நோயாளிகளுக்குக் குளூட்டனற்ற உணவு வாங்க மாதந்தோறும் அரசுதவி உண்டு. அயர்லாந்தில் அச்செலவுக்கு வரிச்சலுகை உண்டு. இங்கோ, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கிட்ட 21 குறைபாடுகளில் சீலியாக் இடம்பெறவில்லை. தமிழக முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடோ மருத்துவமனைச் சிகிச்சைக்கானதேயன்றி அன்றாட ஆகாரத்துக்கானதன்று. ஆயினும் விலையுயர்ந்த குளூட்டனற்ற ரொட்டியும் பிஸ்கட்டும் இல்லாமலே, ரேஷன் கடையில் விலையின்றிக் கிடைக்கும் அரிசியையும், கேழ்வரகு, கம்பு, சோளத்தையும் கொண்டு பத்தியம் காக்க இயலும் என்பது நம் நாட்டின் பாக்கியம். அரிசிக்குப் பதிலாகக் கோதுமை வாங்கும் வழக்கத்தை மட்டும் நோயாளியின் குடும்பம் கைவிட வேண்டும்.

நோயை நிச்சயிக்க இரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் திசுப் பரிசோதனையும் பெரும்பாலும் தேவை. தூத்துக்குடி, பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைகளில் இதுபற்றிக் கேளுங்கள். பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு பிழைபடும்.

அபாயம் எதிர்பாராத இடங்களில் இருக்கிறது. பரோட்டாவையும், சம்பா கோதுமைப் பாலில் கிண்டும் திருநெல்வேலி அல்வாவையும் எளிதில் விலக்கிவிடலாம். கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயமோ சாம்பாரில் ஒளிந்து வரும். அங்கன்வாடிச் சத்துமாவில் கோதுமை உண்டு. 2023 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் வழங்கப்படும் காலை உணவில் ரவை உப்புமாவும் சேமியாவும் உண்டு. அத்திட்டத்தின் உணவுப்பட்டியலிலேயே பொங்கலும் அரிசி உப்புமாவும் இருப்பதால், மருத்துவர் சான்றிதழோடு தலைமையாசிரியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் மாற்றுணவு கோரி எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். அது பலிக்காவிடில், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள்.

'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதை மீறி விற்பவர்மீது உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் செய்யலாம். நஷ்டஈடு வேண்டுவோர், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை வழக்குக் கட்டணம் இல்லை. நோயாளிகள் சொற்பம் என்பது, அவர்களைச் சட்டம் மறப்பதற்கு நியாயமாகாது. தமக்குரிய நியாயத்தை வாதித்துப் பெற நாளை ஆதாரங்கள் வேண்டியிருக்கும் என்பதால், சான்றிதழ், ரசீது, மனுவின் நகல் ஆகியவற்றை இன்றே பத்திரப்படுத்துங்கள்.