அரிவாளா, மெஷினா?



கறவை மாட்டுக் கடன் வாங்கின நம்ம உறுப்பினர்கள் பலர், "சோளத்தட்டு வெட்டி வெட்டி கை ஓஞ்சு போகுது, தட்டு வெட்டுற மெஷின் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டிலும் உள்ள நல்லது கெட்டதைப் பார்ப்போம்.

அரிவாளுக்குக் கரண்ட் வேண்டாம். மழுங்கினால் பட்டறையில் தட்டிக்கொள்ளலாம். நாம் கையை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஆனால் பிடி ஆடினாலோ, கூர் மழுங்கினாலோ வழுக்கிக் கையைப் பதம் பார்த்துவிடும். வெட்டுப்பட்டால் டி.டி. ஊசி போட அலட்சியம் கூடாது.

நீளத் தட்டைப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும். மெஷினில் பொடியாக நறுக்கினால் தண்டு அவ்வளவாக வீணாகாது, நேரமும் மிச்சம். ஆனால் தட்டை உள்ளே இழுக்கும் உருளை, கையையும் முந்தானையையும் சேர்த்தே இழுத்துவிடும்.

மெஷின் ஓட்டும்போது:

* முந்தானையை இழுத்துச் செருகி, கொண்டை போட்டு, வளையலைக் கழற்றிவிட வேண்டும்.
* தட்டு சிக்கினால் கையை விடக் கூடாது. சுவிட்சை அணைத்தாலும் சக்கரம் சிறிது நேரம் சுற்றும். அது நின்ற பிறகு, பிளக்கையும் பிடுங்கிவிட்டே எடுக்க வேண்டும்.
* மூடியும் எர்த் ஒயரும் இல்லாமல் ஓட்டக் கூடாது.
* குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது.

ஒன்றிரண்டு மாடு என்றால் அரிவாளே போதும். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் ஒரே மெஷினைப் பொதுவில் வாங்கலாம். யார் வீட்டில் வைப்பது, கரண்ட் பில்லும் பிளேடு சாணைக் கூலியும் யார் கொடுப்பது என்று கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதிய பிறகே கடன் கேட்போம்.