ஸ்காட்லாந்துப் பெண் பெயரிடல் மரபு

ஸ்காட்லாந்துப் பெண் பெயரிடல் மரபு என்பது ஸ்காட்லாந்தில் பெண் குழந்தைகளுக்குப் பெயர் சூட்டுவதில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட வழக்கத்தைக் குறிக்கும். இம்மரபில் பெற்றோரின் விருப்பத்துக்கு அதிக இடமில்லை. முதல் மகளுக்குத் தாயின் தாய் பெயரும், இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயரும், மூன்றாம் மகளுக்குத் தாயின் பெயரும் இடப்பட்டன. குடும்பத்துக்குக் குடும்பம் இவ்வரிசை சற்று மாறுவதுண்டு. ஆண் உறவினரின் பெயரைப் பெண்ணுக்கு இட வேண்டியிருப்பின் ஈற்றில் 'இனா' சேர்த்தனர். டொனால்டு, டொனால்டினா ஆயிற்று.

1855 இல் பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. கேலிக் மொழிப் பெயர்கள் பதிவேடுகளில் பெரும்பாலும் ஆங்கில வடிவிலேயே எழுதப்பட்டன. வீட்டில் மோரக் என அழைக்கப்பட்டவள் பதிவேட்டில் சாரா ஆனாள். இரண்டுக்கும் ஒலித் தொடர்பு கிடையாது. எனவே கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேடுவோர் பதிவேட்டை மட்டும் நம்பினால் அவர் வீட்டில் வழங்கிய பெயரை அறிய இயலாது.

இன்று தனிப் பெயராக வழங்கும் 'வாரி' உண்மையில் 'மாரி' (மரியாள்) என்பதன் விளி வேற்றுமை வடிவமாகும். பழம்பெயராகக் கருதப்படும் ஃபியோனாவோ, 1890களில் வில்லியம் ஷார்ப் என்ற ஆண் எழுத்தாளர் ஃபியோனா மக்லவுட் என்ற புனைபெயரில் எழுதிய பின்னரே பரவலாக அறியப்பட்டது.