ஒரே ஒரு வரி உயர்வு... ஆட்டம் கண்ட திருப்பூர்! தாக்குப்பிடிக்க என்ன தேவை?

2025 ஆகஸ்ட் 27. இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்ட நாள். ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கு அது பெரிய அடி. சில ஆர்டர்கள் நின்றன. சில வாடிக்கையாளர்கள் விலையைக் குறைக்கச் சொன்னார்கள்.

கம்பெனி அறிக்கைகளில் அலங்காரமாக வரும் 'நிலைத்தன்மை' என்ற வார்த்தைக்கு இப்படிப்பட்ட நேரத்தில்தான் அர்த்தம் புரியும். அதற்கு மூன்று கால்கள். திருப்பூரில் அவை எப்படி இருக்கின்றன?

சுற்றுச்சூழல்: பட்டுத் தெளிந்த பாடம்

சாயக் கழிவுநீர் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகளின் கிணறுகளைக் கெடுத்தது. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றக் கூடாது என்று 2006-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியும் நடக்கவில்லை. 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவு வந்தது.

அதன் பிறகுதான் மாற்றம். இப்போது கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்து, பெரும்பகுதியை மறுபடியும் சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள். மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கி உப்பையும் மீட்கிறார்கள். செலவு அதிகம்தான். மீட்க முடியாத கலப்பு உப்பு இன்னும் தலைவலிதான். ஆனால், 'துணி எப்படித் தயாரானது?' என்று கேட்கும் ஐரோப்பிய வாடிக்கையாளரிடம் காட்ட இன்று திருப்பூரிடம் பதில் இருக்கிறது.

பொருளாதாரம்: ஒரே கூடையில் எல்லா முட்டையும்?

ஒரு நாட்டையே பெரிதாக நம்பியவர்களுக்குத்தான் அடி பலம். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் ஒரு மாற்று வழி. பருத்தியோடு நிற்காமல் செயற்கை இழை ஆடைகளுக்கும் போவது இன்னொன்று. இரண்டுமே உடனே பலன் தராது.

சமூகம்: பலவீனமான கால்

ஆர்டர் குறைந்தால் முதலில் காணாமல் போவது ஓவர்டைம். பீஸ்ரேட்டில் தைப்பவருக்கு வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. 2020 ஊரடங்கில் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். கம்பெனிகள் திறந்தபோது தைக்க ஆள் கிடைக்கவில்லை. ஆளை விட்டுவிட்டால் ஆர்டர் திரும்பி வந்தாலும் பயனில்லை என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

ஆக...

பி.எஃப்., இ.எஸ்.ஐ., தங்குமிடம், வேலை குறைந்த மாதங்களிலும் ஓரளவு வருமானம். இதையெல்லாம் 'கூடுதல் செலவு' என்று தள்ளிப்போடலாம். சுத்திகரிப்பையும் ஒரு காலத்தில் அப்படித்தான் தள்ளிப்போட்டார்கள். தண்ணீர் விஷயத்தில் கோர்ட் பூட்டுப் போடும் வரை காத்திருந்த ஊர், தொழிலாளர் விஷயத்திலும் அதுவரை காத்திருக்க வேண்டுமா?