ஒரு பிள்ளைக்காக ஊரே கூடுகிறது!

ஜப்பான் கிராமப் பள்ளியில் வசந்தம்

ஏப்ரல் மாதம், முதல் வாரம். ஜப்பான் நாட்டின் மலைக்கிராமம் ஒன்று.

பள்ளிக்கூட வாசலில் செர்ரி மரம் பூத்துக் குலுங்குகிறது. கொஞ்சம் காற்று அடித்தால் போதும், வெளிர்சிவப்பு இதழ்கள் மழையாகக் கொட்டுகின்றன.

ஊர்க் கிழவர்கள் கறுப்புக் கோட்டு அணிந்து வருகிறார்கள். பாட்டிமார்கள் பெட்டியில் வைத்திருந்த நல்ல உடையை எடுத்து உடுத்தி வருகிறார்கள். ஊர்த் தலைவர் வருகிறார். கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வருகிறார்.

என்ன விசேஷம்? கல்யாணமா? கோவில் திருவிழாவா?

இரண்டும் இல்லை. ஊரில் ஒரு பிள்ளை இன்று ஒன்றாம் வகுப்பில் சேருகிறது. ஒரே ஒரு பிள்ளை!

இப்படிப்பட்ட கிராமங்கள் ஜப்பானில் ஒன்று இரண்டு அல்ல. வடக்கே ஹொக்கைடோ முதல் தெற்கே சின்னஞ்சிறு தீவுகள் வரை எத்தனையோ இருக்கின்றன. பத்துப் பிள்ளைகள், பதினைந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டு பள்ளிகள் நடக்கின்றன.

பள்ளி மண்டபத்தில் எல்லோரும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். புதுப்பிள்ளை, பெரிய வகுப்பு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறது. அன்று முதல் அதன் முதுகில் ஏறப்போவது கெட்டியான ஒரு தோல் பை. அதற்கு 'ராண்டோசெரு' என்று பெயர். பெரும்பாலும் தாத்தாவும் பாட்டியும் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். ஆறு வருஷத்துக்கு அதே பைதான். பிள்ளை சின்னது, பை பெரியது. பின்னால் இருந்து பார்த்தால், பைக்குக் கால் முளைத்து நடப்பது போல் இருக்கும்.

ஆசிரியை பெயரைக் கூப்பிடுகிறார். பிள்ளை எழுந்து "ஹை!" என்று உரக்கச் சொல்லவேண்டும். 'இதோ இருக்கிறேன்' என்று அர்த்தம்.

பட்டணத்துப் பள்ளியில் நூறு பெயர் கூப்பிடுவார்கள். நூறு "ஹை" கேட்கும். யார் குரல் யாருடையது என்று தெரியாது. இங்கே ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு குரல். அதைக் கேட்கத்தான் ஊரே காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறது. போன வருஷம் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை என்றால், இந்த ஒரு குரல் கேட்டதும் கிழவர்கள் கைக்குட்டையைத் தேடுவதில் ஆச்சரியம் என்ன?

பிறகு பாடப்புத்தகங்கள் கொடுக்கிறார்கள். காசு கிடையாது. 1963-ம் ஆண்டு ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய இந்த இலவசத் திட்டம், 1969-ல் கட்டாயக் கல்வி வகுப்புகள் எல்லாவற்றுக்கும் வந்து சேர்ந்தது.

பனி உருகினால் பள்ளி

நம் ஊரில் வெயில் தணிந்து ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும். அங்கே குளிர் போன பிறகு திறக்கிறார்கள். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் படிப்பு வருஷம் அது. ஆகவே ஜப்பானியப் பிள்ளைக்குப் பள்ளி என்றதும் செர்ரிப்பூ நினைவு வரும்.

எல்லா ஊரிலும் இந்தப் பொருத்தம் அமைவதில்லை. வடகோடி ஹொக்கைடோவில் அப்போது பனி கிடக்கும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் மரம் பூக்கும். தென்கோடி ஒகினாவாவிலோ ஏப்ரலுக்கு வெகு முன்பே பூத்து உதிர்ந்துவிடும்.

பனி உருகினால் கரடியும் குகையை விட்டு வெளியே வரும். அதனால் மலைப்பகுதிகளில் பிள்ளைகளின் பையில் சின்ன மணி ஒன்று கட்டியிருப்பார்கள். மனிதர் வருகிறார் என்று மணிச்சத்தம் கேட்டுக் கரடி விலகிப் போகும். பெரிய பிள்ளை முன்னே, சின்னப் பிள்ளைகள் நடுவே என்று வரிசையாக நடந்து வருவார்கள். சாலை கடக்கும் இடத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் மஞ்சள் கொடியுடன் நிற்பார். எத்தனை பேர் கடந்தார்கள் என்று எண்ண அவருக்கு அதிக நேரம் ஆகாது.

ஒரு வாத்தியார், இரண்டு கரும்பலகை

பிள்ளைகள் குறைவாக இருந்தால் வகுப்பு நடத்துவது எப்படி?

அதற்கும் சட்டம் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளைச் சேர்த்தும் 16 பேருக்கு மேல் இல்லை என்றால், இரண்டையும் ஒரே வகுப்பாக்கலாம். ஒன்றாம் வகுப்பும் அதில் சேர்ந்தால் 8 பேர்தான் எல்லை.

மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்சுவரில் ஒரு கரும்பலகை. பின்சுவரில் இன்னொன்று. மூன்றாம் வகுப்பு முன்னே பார்க்கும். நான்காம் வகுப்பு பின்னே பார்க்கும். இருவரும் முதுகுக்கு முதுகு!

ஆசிரியர் மூன்றாம் வகுப்புக்குப் புதுக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறார். அதே நேரத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள், முன்பு படித்ததைப் போட்டுப் பழகுகிறார்கள். பிறகு ஆசிரியர் அந்தப் பக்கம் நடந்து போகிறார். இவர்கள் பழகுகிறார்கள், அவர்களுக்குப் புதுப்பாடம். இப்படி அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வருவதை 'வத்தாரி' என்பார்கள். கடந்து போவது என்று பொருள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பாடத்தை வாத்தியார் முன்கூட்டியே தயார் செய்யவேண்டும். கால் வலிக்கிறதோ இல்லையோ, தலை வலிக்கும்!

ஆசிரியர் அந்தப் பக்கம் இருக்கும்போது இந்தப் பக்கம் சத்தக்காடாகிவிடாதா? பல பள்ளிகளில் ஒரு பிள்ளை எழுந்து முன்னே வந்து நிற்கும். "இந்தக் கணக்கை யார் போட்டீர்கள்? வேறு வழி யாருக்குத் தெரியும்?" என்று கேட்டு வகுப்பை நடத்தும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை நினைவுக்கு வருகிறார் அல்லவா? ஆனால் கையில் பிரம்பு கிடையாது. இன்று ஒருவர், நாளை இன்னொருவர் என்று முறை மாறும்.

இதில் குறையும் உண்டு. வகுப்பில் ஒரே பிள்ளை என்றால், அது சொன்ன பதிலை மறுத்துப் பேச ஆள் இல்லை. முந்தி ஓட ஆள் இல்லை. சண்டை போட்டுச் சமாதானம் ஆகவும் ஆள் இல்லை. ஒன்பது பேர் சேராமல் பேஸ்பால் ஆட முடியாது. இதற்காகச் சில பள்ளிகள், தூரத்திலுள்ள இன்னொரு சின்னப் பள்ளியுடன் கணினித் திரை மூலம் சேர்ந்து பாடம் நடத்துகின்றன. அந்தப் பள்ளிப் பிள்ளை திரையில் கை தூக்கும். இந்தப் பள்ளிப் பிள்ளை பதில் சொல்லும்.

சேற்றில் ஒரு பாடம்

வசந்தம் வந்துவிட்டால் பாதிப் பாடம் வெளியேதான்.

1992-ல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு அறிவியலையும் சமூகப் பாடத்தையும் எடுத்துவிட்டு, வாழ்க்கைப் பாடம் என்று ஒன்றை வைத்தார்கள். வசந்தத்தைத் தேடிப் போவதே அதில் ஒரு பாடம்! வரப்பில் என்ன முளைத்திருக்கிறது, எந்தப் பூச்சி எழுந்திருக்கிறது என்று பார்த்து வந்து படம் வரைவார்கள். மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த மணமுள்ள இலை ஒன்று அப்போது தளிர்க்கும். அதைப் பறித்து வந்தால், அரிசி மாவுடன் சேர்த்துப் பச்சைக் கொழுக்கட்டை செய்யப் பாட்டிமார்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

மே மாதத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு தொட்டி கிடைக்கும். அதில் 'அசாகாவோ' என்ற பூங்கொடியின் விதையை ஊன்றவேண்டும். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை அதற்குத் தண்ணீர் ஊற்றுவது. கோடை விடுமுறையில் தொட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போகவேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் நெல் விவசாயம் பாடமாக வருகிறது. கிராமப் பள்ளியில் அதைப் புத்தகத்தோடு விட்டுவிடுவார்களா? ஊர் விவசாயி ஒருவர் தம் வயலில் ஒரு துண்டு கொடுப்பார். சின்னப் பள்ளி என்றால் ஆறு வகுப்பும் சேர்ந்து இறங்கிவிடும். அடையாளம் போட்ட கயிற்றை வயலின் குறுக்கே இழுத்துப் பிடிப்பார்கள். அடையாளம் உள்ள இடத்தில் நாற்றை நடவேண்டும். ஒரு பிள்ளை சேற்றில் விழும். மற்றவை சிரிக்கும். சிரித்த பிள்ளையும் விழும்.

அந்த நெல்லை இலையுதிர் காலத்தில் அவர்களே அறுப்பார்கள். அவர்களே சாப்பிடுவார்கள்.

சாப்பாடு என்றதும் இன்னொரு செய்தி. ஜப்பானில் பள்ளிச் சாப்பாடு பிறந்தது 1889-ம் ஆண்டு. யமகதா மாநிலத்தின் சுருஓக்கா என்ற ஊரில், ஒரு புத்த கோவிலில் நடந்த பள்ளி. ஏழைப் பிள்ளைகள் மதியம் கட்டுச்சோறு இல்லாமல் வருவதைக் கண்டு, சோற்று உருண்டையும் சுட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். இன்று மாணவர்களே வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள். சின்னப் பள்ளிகள் பலவற்றில் எல்லா வகுப்பும் ஒரே அறையில் உட்காரும். தலைமை ஆசிரியரும் கூடவே சாப்பிடுவார். சாப்பிட்டானதும் துணியும் துடைப்பமும் எடுத்து, பிள்ளைகளே அறையையும் தாழ்வாரத்தையும் துடைப்பார்கள். ஆறாம் வகுப்பு அண்ணன் துணியைப் பிழியும் விதத்தைப் பார்த்து ஒன்றாம் வகுப்புத் தம்பி பிழியக் கற்றுக்கொள்கிறான்.

ஓட்டப்பந்தயத்தில் பாட்டி

விளையாட்டு விழாவைப் பார்த்தால்தான் இந்தப் பள்ளி யாருடையது என்று தெரியும். பல ஊர்களில் அது மே மாதத்தில் வரும்.

சிவப்பு அணி, வெள்ளை அணி என்று இரண்டு அணி. பத்துப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தால் அணிக்கு ஐந்து பேர். வடம் இழுக்க ஐந்து பேர் போதுமா? ஆகவே ஊராரும் சேர்ந்து இழுப்பார்கள். உயரக் கம்பத்துக் கூடையில் பந்து எறியும் போட்டியில் பாட்டிமார்களுக்குத் தனி ஆட்டம். அப்பா ஓடுவார். தீயணைப்புத் தொண்டர் ஓடுவார். பள்ளியில் பிள்ளை இல்லாத வீட்டாரும் வருவார்கள். மதியம் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இருபத்துநான்கு கண்கள்

ஜப்பானியருக்குச் சின்னப் பள்ளியின் மேல் இருக்கும் பாசத்தை ஒரு நாவல் காட்டுகிறது. 'இருபத்துநான்கு கண்கள்' என்பது அதன் பெயர். சுபோய் சாகாயே என்ற பெண் எழுத்தாளர் 1952-ல் எழுதினார். 1954-ல் கினோஷிதா கெய்சுகே அதைப் படமாக்கினார். நாடே அழுதது.

கதை 1928-ம் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. கடலோரக் கிராமத்துப் பள்ளிக்கு ஓர் இளம் ஆசிரியை சைக்கிளில் வருகிறார். மேல்நாட்டு உடை வேறு! ஊராருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் 12 பிள்ளைகள், 24 கண்கள். பிள்ளைகள் விளையாட்டாகத் தோண்டிய குழியில் ஆசிரியை விழுந்து காலில் காயப்படுகிறார். பள்ளிக்கு வர முடியவில்லை. வீட்டில் சொல்லாமல் பிள்ளைகள் அத்தனை பேரும் வெகுதூரம் நடந்தே அவரைப் பார்க்கப் போகிறார்கள். அதன் பிறகு ஊரார் மனம் மாறுகிறது. பின்னால் போர் வருகிறது. ஐந்து பையன்களில் மூன்று பேர் திரும்பவில்லை. ஒருவன் கண் இழந்து வருகிறான். பழைய வகுப்புப் படத்தை விரலால் தடவி, இது இன்னார், இது இன்னார் என்று அவன் சொல்கிறான்.

எழுத்தாளர் சுபோய் பிறந்தது ஷோதோ தீவில். கதைக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் மரக்கட்டடப் பள்ளி அங்கே இன்றும் நிற்கிறது. 1902-ல் கட்டியது. உள்ளே சின்ன மேஜைகளும் நாற்காலிகளும் அப்படியே இருக்கின்றன. பிள்ளைகள்தான் இல்லை. 1971-ல் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள்.

எண்ணிக்கை சரிகிறது

1958-ல் ஜப்பானின் ஆரம்பப் பள்ளிகளில் சுமார் 1 கோடியே 35 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். 2024-ல் 60 லட்சம்கூட இல்லை. இளைஞர்கள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் வேலைக்குப் போனார்கள். கிராமத்தில் முதியவர்கள் தங்கினார்கள். நாடு முழுவதுமே பிறப்பும் குறைந்தது. 2002 முதல் 2020 வரை மூடப்பட்ட அரசுப் பள்ளிகள், உயர்நிலைப் பள்ளிகளையும் சேர்த்து, எட்டாயிரத்துக்கு மேல்!

அரசாங்கம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம், ஆசிரியர்கள், சமையல் என்றால் செலவு எவ்வளவு? பிள்ளைக்கும் கூட்டாளி வேண்டாமா? பெரிய பள்ளியில் சேர்த்துப் பஸ் விடுகிறோம் என்கிறார்கள்.

ஊரார் கவலை வேறு. பள்ளி இல்லாத ஊருக்கு இளம் தம்பதிகள் குடிவர மாட்டார்கள். குடிவராவிட்டால் பிள்ளை ஏது? நிலநடுக்கம், வெள்ளம் என்றால் ஊர் ஓடி ஒதுங்கும் இடமும் பள்ளிதான்.

மூடும் நாள் மார்ச் மாதத்தில் வரும். பள்ளிப் பாட்டைக் கடைசித் தடவையாகப் பாடுவார்கள். எழுபது வயதுப் பழைய மாணவருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடமாக இருக்கும். கொடியைச் சுருட்டி ஒப்படைப்பார்கள். சில ஊர்களில் 'மூடினோம்' என்று சொல்ல மனம் வராமல், 'ஓய்வில் இருக்கிறது' என்று எழுதி வைப்பார்கள். பிள்ளை வந்தால் திறக்கலாம் அல்லவா?

கட்டடம் வேறு வேலைக்குப் போவதும் உண்டு. கோச்சி மாநிலம் முரோத்தோவில் மூடிய பள்ளி ஒன்று 2018-ல் மீன் காட்சிசாலை ஆயிற்று. பிள்ளைகள் நீந்திய குளத்தில் இப்போது சுறாவும் கடலாமையும் நீந்துகின்றன! தொக்குஷிமா மாநிலத்து நாகோரோ கிராமத்தில் 2012-ல் பள்ளி மூடியது. ஊர்ப் பெண்மணி ஒருவர் பிள்ளைகள் அளவில் பொம்மைகள் செய்து, வகுப்பறையில் உட்கார வைத்திருக்கிறார்.

பட்டணத்துப் பிள்ளை

சில ஊர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊரில் பிள்ளை இல்லை, பட்டணத்தில் இருக்கிறது, அழைத்து வந்தால் என்ன என்று யோசித்தார்கள்.

1976-ல் நாகானோ மாநிலத்தின் யாசாகா கிராமத்தில் இது ஆரம்பமாயிற்று. பட்டணத்துப் பிள்ளை ஏப்ரலில் வந்து, ஒரு வருஷம் தங்கி, மலைப் பள்ளியில் படிக்கவேண்டும். மாதத்தில் சில நாள் விடுதி வாசம். சில நாள் விவசாயி வீட்டு வாசம். செலவுக்குப் பெற்றோர் பணம் அனுப்புவார்கள். பிறகு பல மாநிலங்களுக்கு இது பரவியது. ராக்கெட் ஏவும் தானேகா தீவிலும் இப்படிப் பிள்ளைகளை வரவழைக்கிறார்கள்.

வந்த பிள்ளை முதல் வாரம் அம்மாவை நினைத்து அழும். விவசாயி வீட்டுப் பாட்டி தட்டில் வைக்கும் காட்டுக்கீரையைக் கண்டு முகம் சுளிக்கும். மே மாதத்தில் சேற்றில் விழுந்து எழுந்த பிறகு, கீரை கொஞ்சம் உள்ளே இறங்கும். மார்ச் வந்ததும் பெற்றோர் அழைத்துப்போக வருவார்கள். "இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேனே" என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

ஒன்றாம் வகுப்பில் யாருமே சேராத ஏப்ரலும் வரத்தான் செய்கிறது. அன்று மண்டபத்தில் விழா இல்லை. கறுப்புக் கோட்டு பெட்டியிலேயே கிடக்கும். ஆனால் பெரிய பையைச் சுமந்துகொண்டு பட்டணத்துப் பிள்ளை ஒன்று பஸ்ஸில் வந்து இறங்குகிறது. நான்காம் வகுப்பு. போன மாதம் வரை வெறுமையாக இருந்த பின்சுவர்க் கரும்பலகையை ஆசிரியர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாக்பீஸைக் கையில் எடுக்கிறார்.