அம்பேத்கர் என்னும் குடும்பப்பெயர்: ஓர் ஊர்ப்பெயர் நடந்து வந்த வழி

சட்டக் கல்லூரி மாணவர்களிடையே உரையாடச் செல்லும்போது நம்மிடம் தவறாமல் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. "அம்பேத்கர் என்பது அவருடைய பார்ப்பன ஆசிரியரின் பெயர்தானே?" தலித் மாணவர்கள் இதைக் கேட்கும்போது குரலில் ஒரு தயக்கம் இருக்கும். பிறர் கேட்கும்போது பெரும்பாலும் அது கேள்வியாக இருப்பதில்லை. 'உங்கள் தலைவரின் பெயரே நாங்கள் கொடுத்தது' என்கிற உரிமைக்கோரலாகவே இருக்கும். ஆகவே இந்தப் பெயரின் வரலாற்றைச் சற்று நின்று பார்ப்பது அவசியமாகிறது.

மராத்தி மொழியில் 'கர்' என்று முடியும் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் ஊர்ப்பெயரிலிருந்து பிறந்தவை. கோலாப்பூரைச் சேர்ந்தவர் கோலாப்பூர்கர், கோவாவின் மங்கேஷியைச் சேர்ந்தவர் மங்கேஷ்கர். அண்ணலின் பூர்வீக ஊர் இரத்தினகிரி மாவட்டம் மண்டன்கட் வட்டத்திலுள்ள அம்படவே. அவ்வூரினர் என்ற பொருளில் அம்படவேகர் என்ற பெயர் அக்குடும்பத்திற்கு அமைந்தது. அவருடைய தாய் பீமாபாயின் பிறந்தகத்துப் பெயரான முர்பாட்கர் என்பதும் முர்பாட் என்னும் ஊரின் வழியே வந்ததுதான். தந்தை இராம்ஜி மாலோஜி சக்பாலின் குலப்பெயர் சக்பால். அப்பெயர் மகர்களிடம் மட்டுமன்றி மராத்தாக்களிடமும் வழங்குகிறது.

மகர்களின் பெயர்கள் எப்போதும் இவ்வாறு சாதி தெரியாதபடி இருந்தவை அல்ல. 1818ஆம் ஆண்டு கோரேகான் போரில் மாண்ட வீரர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கும் தூணைப் பார்த்தவர்கள் இதை அறிவர். அதில் 22 பெயர்கள் 'நாக்' என்னும் விகுதியுடன் முடிகின்றன. அந்த விகுதியைக் கொண்டே அவர்கள் மகர்கள் என்று அடையாளம் காணப்படுகிறார்கள். உயிரைக் கொடுத்து ஈட்டிய கல்வெட்டிலும் சாதி பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சூத்திரனுக்கு இழிவு தோன்றப் பெயரிட வேண்டும் என்று மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்திலேயே விதித்திருப்பதை இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். யாருக்கு எப்பெயர் என்பது இந்நாட்டில் ஒருபோதும் குடும்ப விவகாரமாக மட்டும் இருந்ததில்லை. அந்தப் பின்னணியில், நாக் என்ற முத்திரையை விட்டு ஊரின் பெயரைத் தரித்துக்கொள்வது சிறிய மாற்றமன்று. ஊர்ப்பெயர் எந்தச் சாதியாரும் தரிக்கக்கூடியது, அதைக்கொண்டு ஒருவரைச் சேரிக்குள் அடைக்க முடியாது.

இனி ஆசிரியர் கதைக்கு வருவோம். இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற இராம்ஜியின் குடும்பம் சதாராவில் குடியேறியது. அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் 1900 நவம்பர் 7 அன்று சிறுவன் பீவா சேர்க்கப்பட்டான். பதிவேட்டில் 1914ஆம் எண்ணில் 'பீவா ராம்ஜி அம்பேத்கர்' என்ற பெயர் உள்ளது. மகாராஷ்டிர அரசு 2017 முதல் அந்நாளை மாணவர் நாளாகக் கடைப்பிடிக்கிறது. அப்பள்ளியில் அம்பேத்கர் என்ற குடும்பப்பெயர் கொண்ட பார்ப்பன ஆசிரியர் ஒருவர் இருந்தார். சிறுவனிடம் அன்பு கொண்ட அவர் இடைவேளையில் தம் உணவில் ஒரு பங்கை அவனுக்குக் கொடுத்து வந்தார் என்றும், அம்படவேகர் என்பதைப் பள்ளிப் பதிவில் அம்பேத்கர் என மாற்றினார் என்றும் தனஞ்செய் கீர் 1954இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அண்ணலே இந்த ஆசிரியரை நன்றியுடன் நினைவுகூர்ந்திருக்கிறார். சேர்க்கை நாளின் பதிவிலேயே அம்பேத்கர் என்று இருக்கும்போது ஆசிரியர் மாற்றியது எப்போது, எப்படி என்று வினவி இக்கதையை மறுப்போரும் உள்ளனர்.

நமது நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். ஆசிரியரின் அன்பை மறுக்க வேண்டிய தேவை நமக்கில்லை. அண்ணல் மறுக்காததை நாம் ஏன் மறுக்க வேண்டும்? ஆனால் கதையை முழுவதுமாக ஏற்றாலும் அந்த ஆசிரியர் செய்தது, ஏற்கெனவே இருந்த ஊர்ப்பெயரின் ஓரிரு எழுத்துகளைச் சுருக்கியது மட்டுமே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வகுப்பறையில் அந்தச் சிறுவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத்துணியில் தனியே அமர்ந்தான், பியூன் ஊற்றினால்தான் தண்ணீர் என்றிருந்தது. பதிவேட்டில் பார்ப்பனப் பெயர் ஏறிய பிறகும் சாக்குத்துணி அகலவில்லை.

பள்ளிப் பதிவேட்டில் ஆசிரியர் எழுதுவதே வாழ்நாள் முழுதும் நிலைப்பது தமிழ்நாட்டுச் சேரிகளுக்கும் புதிதன்று. நம் பாட்டன்மாரின் பெயர்களை மட்டுமல்ல, பிறந்த நாளையும் சேர்க்கைப் பதிவில் ஆசிரியர்களே தீர்மானித்தார்கள். ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் நம் குடும்பங்களில் ஏன் இத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

குடும்பப்பெயர் என்ற அளவில் அம்பேத்கர் மகாராஷ்டிரத்தில் அரிதானது. சக்பால், காம்ப்ளே, கெய்க்வாட் போல ஊருக்கு ஊர் காணக் கிடைப்பதன்று. ஆனால் பிறப்பு வழியே பரவாத அப்பெயர் வேறு வழியில் பரவியது. தமிழ்நாட்டில் அது குடும்பப்பெயராக வரவேயில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பின் சாதிப் பட்டங்களைத் துறக்கும் வழக்கம் வேரூன்றிய இந்நிலத்தில், தந்தை பெயரின் தலைப்பெழுத்தே போதுமானதாகிவிட்டது. எனவே இங்கு அம்பேத்கர் பிள்ளைக்கு இடும் பெயராயிற்று. ஒரு மராத்திய ஊரைக் குறித்த சொல் தமிழ்த் தாயின் வாயில் குழந்தையை அழைக்கும் சொல்லாகியிருக்கிறது. மராத்தியின் 'ட்' நம் நாவில் 'த்' ஆகியிருக்கிறது. சிலர் அம்பேட்கர் என்று எழுதுவதுண்டு, அதுவே மூல ஒலிக்கு நெருக்கம்.

ஊரிலிருந்து பிறந்த பெயர் மீண்டும் ஊர்களுக்குச் சூட்டப்பட்டபோது நிகழ்ந்தவைதாம் இதன் கசப்பான பகுதி. மராத்வாடா பல்கலைக்கழகத்திற்கு அண்ணலின் பெயரிட 1978 ஜூலையில் மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றின. உடனே தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன, உயிர்கள் பறிக்கப்பட்டன. பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது 1994 ஜனவரி 14 அன்று. அதுவும் மராத்வாடா என்ற பெயரையும் உடன் வைத்துக்கொண்டே. ஆந்திரத்தில் கோனசீமா மாவட்டப் பெயருக்கு முன் அவர் பெயரைச் சேர்த்ததை எதிர்த்து 2022 மே 24 அன்று அமலாபுரத்தில் அமைச்சர் ஒருவரின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். தமிழ்நாட்டில் 1989இல் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உருவானது. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைந்ததை ஒட்டிச் சாதிக் கலவரம் மூண்டபோது, மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. அம்பேத்கர் மாவட்டம் வேலூர் மாவட்டமாயிற்று. கலவரம் செய்தவர்கள் கேட்டதற்கும் அரசு செய்ததற்கும் இடையே அதிகத் தொலைவு இல்லை.

சட்டம் ஓரளவு இதை உணர்ந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, பட்டியலின மக்கள் உயர்வாக மதிக்கும் மறைந்த ஒருவரைச் சொல்லாலோ எழுத்தாலோ இழிவுபடுத்துவதும், அவர்கள் போற்றும் சிலை, உருவப்படம் போன்றவற்றைச் சேதப்படுத்துவதும் 3ஆம் பிரிவின்கீழ் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. பெயர்ப்பலகை உடைக்கப்பட்ட வழக்குகளில் வெறும் சொத்துச் சேதம் என்று முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்யும் காவல் நிலையங்களிடம் இப்பிரிவைச் சுட்டிக்காட்டத் தோழர்கள் தயங்கக் கூடாது. மறுபுறம், சாதியை வெளிப்படுத்தும் குடும்பப்பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பில் அடங்கும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. சான்றிதழில் பெயர் திருத்தத்திற்காக அலையும் மாணவர்களுக்கு இது பயன்படக்கூடிய தீர்ப்பு.

ஆயினும் ஒரு சிக்கல் தீரவில்லை. தமிழ்நாட்டின் எந்த ஊருக்குச் சென்றாலும் 'அம்பேத்கர் நகர்' எங்கே என்று கேட்டால் கை பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான் நீளும். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது, வரவேற்கத்தக்கதே. ஆனால் காலனியை நீக்கிவிட்டு அங்கே மட்டும் அம்பேத்கர் பெயரை வைத்தால் என்ன ஆகும்? வாடகை வீடு தேடும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் தம் முகவரியே சாதியைச் சொல்லிவிடுகிறது என்று நம்மிடம் வந்த இளைஞர்கள் பலர். அப்பெயரை மறைக்க அவர்கள் விரும்பவில்லை. அதே பெயர் கடைவீதிக்கும் பேருந்து நிலையத்திற்கும் ஏன் இல்லை என்றே கேட்கிறார்கள். உங்கள் ஊர் கிராம சபையில் அடுத்த முறை தெருப்பெயர் பற்றிய தீர்மானம் வரும்போது, ஊர்த் தெருவுக்கு அப்பெயரை முன்மொழிந்து, அது தீர்மானப் புத்தகத்தில் பதியப்படுவதை நேரில் நின்று உறுதிசெய்யுங்கள். மறுத்தால் மறுப்பும் காரணத்துடன் பதியப்பட வேண்டும் என்று கேளுங்கள்.