வேது அறையும் விவேகமும்

செல்வமுள்ள கிருஹஸ்தர்கள் சிலர், வீட்டுத் தோட்டத்தில் பலகையால் ஓர் அறை கட்டி, அதில் அனலேற்றி வியர்த்திருக்கும் வழக்கத்தில் இப்போது நாட்டம் கொண்டிருக்கிறார்கள். 'ஸோனா' எனப்படும் இது பின்லாந்து தேசத்தாருடையது. பிறநாட்டுப் பழக்கம் என்பதற்காக இதை இகழ்வது நமது நோக்கமன்று. பணத்தைக் கொடுக்குமுன் சற்று யோசிக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

சுமார் 55 லட்சம் ஜனங்கள் வாழும் அத்தேசத்தில் ஏறக்குறைய 30 லட்சம் ஸோனாக்கள் உண்டு. 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்வழக்கத்தைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே 2,315 ஆண்களை இருபது வருஷங்கள் கவனித்து, 2015-இல் வெளியான ஆராய்ச்சி, அடிக்கடி ஸோனாவில் அமர்ந்தோரிடையே இருதய நோயால் நேரும் மரணம் குறைவு என்று கண்டது. ஆயினும் குறைவுக்கு ஸோனாவே காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை.

பனி உறையும் தேசத்தில் 80 முதல் 100 டிகிரி வரை காயும் அறை இன்பமளிப்பது இயல்பு. சித்திரை வைகாசியில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும் காஞ்சி ஜில்லாவில் அதே அறையின் பயன் என்ன? ஐப்பசி மழையில் பலகை ஊறும், கறையான் ஏறும். 6 கிலோவாட் மின்னடுப்பு ஒரு மணி நேரம் முழுவேகத்தில் எரிந்தால் 6 யூனிட் செலவாகும். ஈரம் படும் இடத்தில் மின்கசிவுக் காப்பின்றி இதை அமைப்பது உயிருக்கே ஆபத்து. இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் உள்ளே செல்லலாகாது. மது அருந்தியவர் செல்லவே கூடாது.

வியர்வையின் குணத்தை நம்மவர் அறியாதவரல்லர். சித்த வைத்தியத்தின் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளில் வேதும் ஒன்று. நீர்க்கோவைக்கு நொச்சி இலையைக் கொதிக்கவிட்டு, போர்வைக்குள் ஆவி பிடிக்காத கிராமம் எது? இதற்குத் தோட்டமும் வேண்டாம், தேக்குப் பலகையும் வேண்டாம். கொதிநீர் மேலே கவிழாதபடி ஜாக்கிரதை மட்டும் வேண்டும்.

தேக சுகத்தைப் பொதுச் சொத்தாகக் கருதியதும் நம் நாடே. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டுச் சோழ மன்னன் வீரராஜேந்திரனின் சாஸனம் இருக்கிறது. அதில் பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலர் சாலையும், வைத்தியரும், சல்லியக்கிரியை செய்வோரும், மூலிகை கொணர்வோரும், அவர்களுக்கான ஜீவிதமும் குறிக்கப்பட்டுள்ளன. அங்கே பயின்ற மாணாக்கரின் சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெயும் ஏற்பாடாயிருந்தது. தனவான் ஒருவன் தோட்டத்து ஏற்பாடன்று அது, பலருக்கும் உரியது.

பின்லாந்திலும் ஸோனா தனிச் சொத்தாக மட்டும் இருந்ததில்லை. தாம்பரே நகரில் 1906-இல் ஏற்பட்ட பொது ஸோனா இன்றும் நடைபெறுகிறது. அத்தேசத்தாரிடம் நாம் எதையாவது கற்பதானால், இதையே முதலில் கற்போமாக.

குழித்தறியில் காலை இறக்கி நாள் முழுதும் குனிந்து நெய்யும் நெசவாளியின் இடுப்புக்கு ஒற்றடமும் வேதும் கிடைக்க வழி என்ன? வசதியுள்ளவர் வாங்க விரும்பினால் வாங்கட்டும். ஆனால் அந்தத் தொகையில் ஒரு பங்கை, தேர்ந்த சித்த வைத்தியரின் பார்வையில் இயங்கும் பொது வேது அறைக்கு அளிப்பாராயின், முக்கூடல் சாஸனத்தின் பொருளை உணர்ந்தவராவார்.